ஆமாம் என்று சொன்ன அம்மாள்

உட்காருங்கள் ஐயா, இந்த பெஞ்சில் இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. ஒரு கால் மட்டும் ஆடும். பரவாயில்லை, நான் அழுத்திக்கொள்கிறேன். என்ன, உழவு மாடு காணவில்லையா? ரைட்டர் உள்ளேதான் இருக்கிறார், ஆனால் இப்போதைக்குக் கூப்பிட மாட்டார். உள்ளே ஒரு விசாரணை நடக்கிறது. ஒரு சின்னப் பெண்ணைப் பற்றியது. அவள் என் மகள். அதோ அந்தக் கதவு திறக்கும்போது எனக்கு மகள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

குரலைத் தாழ்த்திப் பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். 'என் மகள்' என்று உங்களிடம் சொன்னேனே, அதை சப் இன்ஸ்பெக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு உங்கள் மாட்டுக் கவலை. அதனால்தான் சொன்னேன்.

ரயிலடி மைதானத்தில் கொட்டகை பார்த்திருப்பீர்கள். கோவர்த்தன விநோத சபா. கம்பியில் நடப்பது, சைக்கிள் மேல் தலைகீழாக நிற்பது, நெருப்பை விழுங்குவது, நடுநடுவே பாட்டு, கோமாளி. நாடகக்காரர்கள் எங்களை சர்க்கஸ் என்பார்கள். சர்க்கஸ்காரர்கள் எங்களை நாடகம் என்பார்கள். இரண்டு பேருமே மரியாதையாகச் சொல்வதில்லை. அதில் நான் ஆர்மோனியம். அது கைக்கு. மூளைக்கு நோட்டீஸ். சபையின் நோட்டீஸ் எல்லாம் நான் எழுதுவதுதான். வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு போய் வீசுவார்களே, மஞ்சள் தாள், பச்சைத் தாள், அதெல்லாம் அடியேன். பதினாறு வரிக்கு ஒரே வாக்கியம், நடுவில் முற்றுப்புள்ளி கிடையாது, ஆனால் எழுவாய் எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியிராது. கும்பகோணத்தில் ஒரு வக்கீல் என் நோட்டீஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்வி.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் முதலில். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். சபை அங்கே வந்தபோது அதில் பாடிய கோமளம் என்ற பெண்ணைப் பார்த்தேன். சபை கிளம்பியபோது நானும் கிளம்பிவிட்டேன். என் தமையனார் ஒரு கார்டு எழுதினார்: எங்களுக்குத் தம்பி என்று யாரும் இல்லை. நல்ல கச்சிதமான வாக்கியம், எங்கள் குடும்பத்துக்கே எழுத்து வரும். குழந்தை பிறந்தது காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டகையில். அடுத்த நாள் கொட்டகையைப் பிரித்துவிட்டோம். எந்த ஊர்ப் பதிவில் போய்ப் பிறப்பை எழுதச் சொல்வது? குழந்தைக்கு மூன்று வயதில் கோமளம் காய்ச்சலில் போய்விட்டாள். ஆக, இது என் பெண்தான் என்று சொல்ல பூமியில் ஒரு காகிதம் இல்லை, ஒரு மனிதர் இல்லை. நாயுடு இருக்கிறார். சபையின் முதலாளி, சபையில் மற்றவர்கள் அவர் சொல்வதைத்தான் சொல்வார்கள். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

குழந்தை பெயர் குஞ்சம்மாள். மேடைக்கு பேபி மதுரவாணி, அந்தப் பெயர் நான் வைத்தது. நாலு வயதிலேயே பாடினாள். ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி, குழாயடியில் சண்டை போடுகிறவள் மாதிரி, எல்லார் மாதிரியும் பேசுவாள். கைதட்டுவார்கள், ஆனால் கூட்டம் சேரவில்லை. ஒரு நாள் நாயுடு என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, அப்பன் பக்கத்துல குத்துக்கல்லாட்டம் ஆர்மோனியத்தோட உக்காந்திருந்தா எவனுக்குய்யா மனசு எரங்கும்? அநாதைன்னு போடு" என்றார்.

போட்டேன். வெறும் அநாதை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றைச் செய்தால் திருந்தச் செய்ய வேண்டாமா? ஆறு வருஷத்துக்கு முந்திய மகாமகத்தில், லட்சோபலட்சம் ஜனங்கள் நடுவே, குளக்கரையில் பெற்றோரைப் பிரிந்து, பால்மணம் மாறாத பருவத்தில் எமது சபையாரால் கண்டெடுக்கப்பட்டு, இடது தோளில் கரிய மச்சமுடையவளாய், இன்றளவும் ஈன்ற தாயைத் தேடி ஊர் ஊராய்ப் பாடித் திரியும் இளங்குயில், இப்படிப் போகும். மச்சம் எதற்கு என்று நாயுடு கேட்டார். நம்பகத்துக்கு என்றேன். மச்சம் இல்லாமல் யார் குழந்தையைத் தேடுவார்கள்?

அதற்கு ஏற்ற மாதிரி ஒரு காட்சியும் அமைத்தேன். பாட்டு முடிந்ததும் குஞ்சு மேடையை விட்டு இறங்கிப் பெண்கள் பக்கம் போவாள். ஒரு அம்மாள் முன்னால் நிற்பாள். முகத்தை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நீங்கதான் என்னைப் பெத்த அம்மாவா?" என்பாள். மூன்று எண்ணுவாள். அடுத்த அம்மாளிடம் போவாள். அப்படி மூன்று பேர். மூன்றாவது ஆளிடம் கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு மேடைக்கு ஓடி வருவாள், நான் முகாரி வாசிப்பேன். ஐயா, மூக்கு சிந்துகிற சத்தத்தில் என் முகாரி கேட்காது. இரண்டரை வருஷம் இப்படி. எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் பதில் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொள்வார்கள், முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. கேள்விக்கு மட்டும்தான் வசனம் எழுதியிருந்தேன்.

அப்புறம் ஒரு விதி செய்தேன். அவள் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது, வாத்தியாரே என்றுதான் கூப்பிட வேண்டும். மேடையில் மட்டுமில்லை, எப்போதும். சோறு தின்னும்போது அப்பா, கொட்டகையில் வாத்தியார் என்று இருந்தால் ஒரு நாள் வாய் தவறும், அத்தனை பேர் முன்னால் நோட்டீஸ் பொய்யாகிவிடும். முதல் மாதம் தவறிக்கொண்டே இருந்தாள். அப்பா என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவ்வளவுதான் தண்டனை. நான் குழந்தையை அடிக்கிறவன் இல்லை. அழுதால்கூடத் திரும்பவில்லை. இரண்டாவது மாதம் சரியாகிவிட்டது. கெட்டிக்காரி.

கதவு திறந்ததா? இல்லை. காற்று.

நேற்று ஆறரை மணி ஆட்டம். முதல் அம்மாள் தலை குனிந்தாள். இரண்டாவது, நாற்பது வயதிருக்கும், பச்சைப் புடவை. குஞ்சு போய் நின்றாள், கேட்டாள், ஒன்று, இரண்டு எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் அந்த அம்மாள் சொன்னாள்:

"ஆமாண்டி கண்ணு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்டது. குஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வசனம் மறந்தால் அப்படித்தான் பார்ப்பாள், நான் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பேன். நான் உதட்டை அசைக்கவில்லை. என்னிடம் என்ன இருந்தது அசைக்க? ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் விரல் இருந்ததோ அங்கேயே இருந்தது. அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டரை வயதுப் பெண்ணை. நோட்டீஸில் ஏழு. தூக்கினாள், இவளும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதையும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். மறைவில் நின்ற நாயுடு, பிரமாதம், அப்படியே இழு என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினார். அவர் அதையும் நான் ஏற்பாடு செய்ததாக நினைத்துவிட்டார்.

அந்த அம்மாள் பெயர் தையல்நாயகி. அதோ வேப்ப மரத்தடியில் ஜரிகைத் துண்டோடு நிற்கிறாரே, அவர் புருஷர் கலியபெருமாள். பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடை. சுற்றி நிற்பவர்கள் பங்காளிகள். அந்த மகாமகத்தில் அவர்கள் கைக்குழந்தையைக் கூட்டத்தில் பறிகொடுத்தார்களாம். நிஜமாகவே. பெண் குழந்தை. எனக்கு எப்படித் தெரியும் ஐயா? நான் சும்மா, அத்தனை பெரிய கூட்டமாயிற்றே, யார் போய்க் கேட்கப் போகிறார்கள் என்று எழுதினேன்.

பங்காளிகள் ராத்திரியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், காலையில் எல்லாரையும் இங்கே வரச் சொன்னார்கள். வருவதற்கு முன் நாயுடு என்னை ஓரமாக அழைத்துப் போனார். பக்குவமாகத்தான் பேசினார், அதுதான் பயம். "குழந்தை போனா ஒரு ஐட்டம் போச்சு வாத்தியாரே. நோட்டீஸ் பொய்யின்னு ஆச்சுன்னா ஜனங்களை ஏமாத்தின கேஸு. எழுதினது யாரு, நீங்கதானே? உள்ள போறது நானில்லை" என்றார். இப்போது எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பாதீர்கள்.

சப் இன்ஸ்பெக்டர் நோட்டீஸை மேஜை மேல் விரித்துவைத்து, இது யார் எழுதினது என்றார். நான்தான், ஆனால் மூன்றாவது வரியில் ஒற்று விட்டுப்போனது அச்சகத்தின் பிழை என்றேன். பயத்தில் அப்படித்தான் ஏதாவது வந்துவிடுகிறது. அவர் சிரிக்கவில்லை. குழந்தைக்கு நீர் என்ன உறவு என்றார். பக்கத்தில் நாயுடு நிற்கிறார். நான் சொன்னேன்: வாத்தியார்.

நாக்கு என்று ஒன்று இருக்கிறதே ஐயா, அதைப் பழக்கினால் எதற்கும் பழகும்.

அப்புறம் குழந்தையைக் கேட்டார். உன் அப்பா அம்மா யார் பாப்பா? அவள் கையைக் கட்டிக்கொண்டு நோட்டீஸை ஒப்பித்தாள். மகாமகத்திலிருந்து இளங்குயில் வரைக்கும், ஓர் எழுத்துப் பிசகவில்லை. மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டாள். இன்னொரு சமயமாக இருந்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும். ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்தாள், சரியா என்று. நான் தலையாட்டிவிட்டேன். பழக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு நான் அப்பா என்பது இன்னும் ஞாபகம் இருக்குமா? ஆறு வயது வரைக்கும் கூப்பிட்டவள்தான். இரண்டரை வருஷத்தில் மறந்துபோகுமா? ராத்திரி படுக்கும்போது கேட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று தெரிந்தால் என்ன செய்வது? ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது?

உங்கள் மாட்டுக்கு அடையாளம் கேட்பார்கள், நீங்கள் சொல்லிவிடுவீர்கள். வலது கொம்பில் கீறல், நெற்றியில் சுட்டி. பார்த்தீர்களா, கேட்பதற்கு முன்பே சொல்கிறீர்கள். என்னிடம் மச்சம் உண்மையா என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது கம்பியில் நடக்கிற அம்மாள். நோட்டீஸில் இருக்கிறது என்றேன். ஸ்டேஷனைப் பெருக்குகிற கிழவியை விட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் வெளியே வந்து, இருக்குங்க சாமி, இடது தோளில் கடுகு மாதிரி ஒண்ணு இருக்கு என்றாள். ஐயா, நான் சும்மா எழுதினேன். அப்போதிலிருந்து இந்த பெஞ்சில்தான் இருக்கிறேன்.

அந்த அம்மாளும் குழந்தையும் அரை மணியாக உள்ளே இருக்கிறார்கள். சப் இன்ஸ்பெக்டர் அவர்களைத் தனியாகப் பேசவிட்டிருக்கிறார். இட்லி வரவழைத்திருக்கிறார்கள். ரைட்டர் வெளியே வந்தபோது, உங்க பேபி ஏழு இட்லி தின்னுடுச்சு ஓய் என்றார். ஏழு! சபையில் அவளுக்கு ஒன்றரைதான். கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்துவிட்டால் பேபி இல்லையே, அப்புறம் அவளுக்கு வேறு என்ன தெரியும்? எல்லாம் அவள் எதிர்காலத்தை நினைத்துத்தான். ஆனால் ஏழு இட்லி தின்கிற இடத்தை விட்டு அவள் ஏன் வர வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதிலிருந்துதான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். உள்ளே போய், ஐயா நான்தான் தகப்பன், நோட்டீஸ் பொய் என்றால் ஏமாற்றின கேஸ். நம்பினால்தானே கேஸ், நம்பவே மாட்டார். நோட்டீஸ் எனக்கு எதிரி, மச்சம் எனக்கு எதிரி, குழந்தை ஒப்பித்தது எனக்கு எதிரி. மூன்றையும் செய்தவன் நான். இவ்வளவு கட்டுக்கோப்பாக எழுதியிருக்க வேண்டாம். கொஞ்சம் மோசமாக எழுதுகிறவனாக இருந்திருந்தால் இந்நேரம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இருங்கள். கதவு.

அந்த அம்மாள் மட்டும் வருகிறாள். கண் சிவந்திருக்கிறது. புருஷர் பக்கம் போகாமல் இங்கே... நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

...

கேட்டீர்களா அவள் சொன்னதை? நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. "நீங்கதான் அந்த வாத்தியாரா" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் சொன்னாளே:

"அது என் கொழந்தை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேங்க. நேத்து அது கேட்டப்ப இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். இப்ப உள்ள, இன்னொரு தரம் கேளுடி கண்ணுன்னேன். கேட்டுது. கேக்கறப்ப என் மொகத்தைப் பாக்கலை. ஜன்னல் வழியா உங்களைத் தேடிக்கிட்டே கேட்டுது, சரியாச் சொல்றோமான்னு. என் கொழந்தை எங்க இருந்தாலும் இப்படிக் கேக்காதுங்க."

அதோ போகிறாள். கலியபெருமாள் ஏதோ கேட்கிறார், அவள் நிற்காமல் போகிறாள். பங்காளிகள் எல்லாம் என்னை முறைக்கிறார்கள். ஐயா, எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? அவள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். முடிந்தது. இரண்டரை வருஷத்தில் எவளும் சொல்லாத இல்லை. அதையும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கும்.

சப் இன்ஸ்பெக்டர் வருகிறார். குஞ்சுவைக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறார். அவளைப் பார்த்தீர்களா, எவ்வளவு சின்னது. மேடையில் பெரியதாகத் தெரிவாள்.

என்ன சொல்கிறார்? தஞ்சாவூர் என்கிறாரே. உரிமை கொண்டாட ஆள் இல்லாத குழந்தை, மதியம் வண்டிக்கு தஞ்சாவூர் அநாதை விடுதிக்கு அனுப்பு என்று ரைட்டரிடம் சொல்கிறார். ஆள் இல்லாத குழந்தை. நோட்டீஸில் இருப்பதைத்தான் சொல்கிறார். நாயுடு டீக்கடையிலிருந்து எழுந்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார், எனக்குத்தான். உதட்டில் விரலை வைக்கிறார்.

ஐயா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை கையை விடுவித்துக்கொண்டு வருகிறது. என்னிடம்தான் வருகிறது. நடந்துதான் வருகிறது, ஓடவில்லை. யாரையும் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கிறது. இந்தப் பார்வை நான் சொல்லிக் கொடுத்தது இல்லை ஐயா, சத்தியமாக இல்லை. வசனம் எடுத்துக் கொடுக்கச் சொல்கிற பார்வையும் இல்லை.

"நீங்கதான் என்னைப் பெத்த அப்பாவா?"

கேட்டுவிட்டாள். எண்ணுகிறாள், உதடு அசைகிறது பாருங்கள். ஒன்று. எல்லாரும் பார்க்கிறார்கள். நாயுடு தெருவைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார். இரண்டு. சப் இன்ஸ்பெக்டர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆமாம்.

ஆமாம் என்றேன் ஐயா. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்டதா? எனக்கு என் குரல் கேட்கவில்லை. அவளும் அப்படியே நிற்கிறாள், கேட்டதா இல்லையா தெரியவில்லை. இதோ, இன்னொரு தரம் சொல்கிறேன், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி.